குவாண்டம் பேச்சாளர் ஆக விரும்புவோர்க்கு: ராசா வட்டாரக் கையேடு

சிரம்பானை ஒட்டிய ராசா வட்டாரத்தில் ஜோசியத் தொழிலில் இனி இடம் இல்லை. வாஸ்துவும் எண்கணிதமும் நிரம்பி வழிகின்றன. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறவர் தாமானுக்கு ஒருவர் என்று ஆகிவிட்டார். காலியாகக் கிடப்பது ஒரே ஒரு நாற்காலிதான்: நவீன இயற்பியலின் தத்துவ உட்பொருளை எடுத்துச் சொல்கிறவரின் நாற்காலி. அறுபதாம் கல்யாணமோ, ஆலயத் திருவிழாவோ, இளைஞர் மன்றத்தின் தன்முனைப்பு முகாமோ, டத்தோ வந்து சேரும்வரை இருபது நிமிடம் மேடையை நிரப்ப ஓர் ஆள் எங்கும் தேவைப்படுகிறார். அந்த ஆளாக நீங்கள் ஆகலாம். ஒரு ஜிப்பாவும், விண்வெளிப் படங்கள் ஏற்றிய மடிக்கணினியும் போதும். இயற்பியல் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்காதீர்கள். தெரிந்துகொண்டால் தொழில் கெடும். எந்த இடத்தில் கெடும் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுவதுதான் இந்தக் கையேட்டின் வேலை.

முதலில், எண்களை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். 'எல்லாமே அதிர்வு', 'எல்லாமே ஆற்றல்', 'அணுவுக்குள் பார்த்தால் வெட்டவெளி' என்கிற மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னாலே பத்து நிமிடம் போய்விடும். எவ்வளவு அதிர்வு, என்ன அலகில் என்று ஒருவர் கேட்கத் தொடங்கினால் அவர் பள்ளிக்கூடத்து ஆசிரியர் என்று அர்த்தம். அவர் பக்கம் திரும்பாமல் பேசப் பழகுங்கள்.

சந்திரசேகரை எப்படியும் மேடைக்கு இழுக்கத்தான் போகிறீர்கள். தமிழர், நோபல் பரிசு, கருந்துளை என்று மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து கிடைத்தால் யார் விடுவார்கள்? கப்பலில் போகும்போது அவருக்குள் ஒரு பேரொளி தோன்றியது என்று சொல்லுங்கள். நடந்தது வேறு. 1930-இல், 19 வயதில், பம்பாயிலிருந்து இங்கிலாந்து போகிற கப்பலில் உட்கார்ந்து அவர் கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனுக்குள் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுகின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டால், அப்படிப்பட்ட விண்மீனின் நிறைக்கு ஒரு வரம்பு வந்து நிற்கிறது. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் எலெக்ட்ரான்களால் தாங்க முடியாது. விண்மீன் இடிந்து உள்ளே விழும். 1935 ஜனவரி 11 அன்று லண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அவர் இதைச் சொல்லி உட்கார்ந்ததும் ஆர்தர் எடிங்டன் எழுந்தார். ஒரு விண்மீன் இத்தனை அபத்தமாக நடந்துகொள்ளாதபடி தடுக்க இயற்கையில் ஏதாவது விதி இருந்தாக வேண்டும் என்கிற தோரணையில் கேலி செய்தார். சபையும் அவரோடு சேர்ந்து சிரித்தது.

எடிங்டன் லேசுப்பட்டவர் இல்லை. 1919 சூரிய கிரகணத்தின்போது விண்மீன் ஒளி வளைவதை அளந்து ஐன்ஸ்டைனை உலகுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். இயற்பியல் உலகத்தின் தத்துவத்தைப் பற்றி எல்லாரும் வாசித்த புத்தகம் எழுதியவர். ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் அவர் செய்தது, நீங்கள் செய்யப்போவதைத்தான். பிரபஞ்சம் எப்படி இருந்தால் தமக்குப் பிடிக்கும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, கணக்கை அதற்குத் தகுந்தாற்போல் வளையச் சொன்னார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு வர 1983 ஆகிவிட்டது. ஆகவே மேடையில் சந்திரசேகரை வணங்குங்கள். குலகுருவாக மனத்துக்குள் எடிங்டனை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பார்வையாளர். குவாண்டம் பேச்சில் இவர்தான் கதாநாயகர். 'பார்ப்பவன் இல்லையேல் பொருள் இல்லை. ஆகவே மனமே உலகைப் படைக்கிறது' என்று ஒரே மூச்சில் தாண்டிவிட வேண்டும். இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் யாரையும் எட்டிப் பார்க்க விடக்கூடாது. இங்கே உங்களுக்கு உதவ ஒருவர் இருக்கிறார். ஈ.சி.ஜி. சுதர்சன், கோட்டயத்துக்காரர், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், பிற்காலத்தில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தவர். 1977-இல் அவரும் பைத்யநாத் மிஸ்ராவும் ஒரு விசித்திரத்தைக் கணக்கில் காட்டினார்கள். சிதையக்கூடிய ஒரு துகளை இடைவிடாமல் கவனித்துக்கொண்டே இருந்தால் அது சிதையாது. கங்காணி பிடரிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தால் ஒரு மரமும் வெட்டி முடியாது என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி; அதைச் சொன்னால் மண்டபம் சிரிக்கும்.

சிரிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏனென்றால் 1990-இல் அமெரிக்காவின் போல்டர் நகரத்து ஆய்வகத்தில் இது சோதிக்கப்பட்டது. சுமார் 5,000 பெரிலியம் அயனிகளை மின்காந்தப் பொறியில் அடைத்து, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மெதுவாக நகர்த்தினார்கள். நடுநடுவே லேசர் ஒளியைத் துடிப்பு துடிப்பாகப் பாய்ச்சினார்கள். துடிப்புகளின் எண்ணிக்கை கூடக் கூட அயனிகள் நகர மறுத்தன. 64 துடிப்பு கொடுத்தபோது அநேகமாக இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. அங்கே 'பார்த்தது' லேசர். தியானத்தில் யாரும் உட்காரவில்லை, சங்கல்பம் செய்துகொள்ளவில்லை. ஆய்வாளர்கள் எழுந்து கோப்பி குடிக்கப் போயிருந்தாலும் அயனிகள் அதையேதான் செய்திருக்கும். குவாண்டம் கணக்கில் 'அளத்தல்' என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இன்றும் தீராத, உண்மையான தத்துவச் சிக்கல். அதில் வாழ்நாளையே செலவிட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் இருபது நிமிடத்தில் அதற்கு இடம் ஏது? 64 என்று வந்ததும் ஆயகலைகள் அறுபத்து நான்கு என்று ஓட்டிவிடுங்கள். கைதட்டல் நிச்சயம்.

துகள்களின் குவாண்டம் பின்னலைப் பற்றியும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். கோலாலம்பூரில் மகளுக்குக் காய்ச்சல் என்றால் ராசாவில் தாய்க்கு வயிறு பிசைகிறதே, அது குவாண்டம் பின்னல் என்று சொல்லுங்கள். முன்வரிசையில் இரண்டு பேராவது கண்ணைத் துடைப்பார்கள். 1964-இல் ஜான் பெல் எழுதிய கட்டுரையையும், 2022-இல் அஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவரும் நோபல் வாங்கியதையும் பெயரளவில் சொல்லலாம். பின்னிய துகள்களில் ஒன்றை மட்டும் அளக்கிறவருக்குக் கண்மண் தெரியாத குலுக்கல் சீட்டு போலத்தான் முடிவுகள் வரும், இரண்டு பக்கத்துப் பட்டியலையும் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பி ஒப்பிட்டால்தான் ஒற்றுமையே தெரியும், அதனால் இந்த வழியாக ஒரு தும்மல் சேதியைக்கூட அனுப்ப முடியாது என்பதைச் சொல்லவேண்டாம். தாயின் வயிறு பிசைவதற்கு வேறு காரணங்கள் உண்டு. அவற்றில் மகள் முதல்நாள் இரவே அனுப்பிய குரல்செய்தியும் ஒன்று.

வினைப்பயன் பக்கம் போகும்போது மட்டும் நிஜமாகவே கவனமாக இருங்கள். இது கேலிக்குச் சொல்வது இல்லை. நம் சாத்திரமும் குவாண்டமும் ஒன்று என்று சொல்கிற பேச்சாளர்கள் வழுக்கி விழவேண்டிய இடம் இதுதான்; சபை கவனிக்காததால் விழாமல் தப்பிக்கிறார்கள். ஏன் என்று பார்க்கத் தொலைவில் போகவேண்டாம். சிரம்பானிலிருந்து வடக்கே, காஜாங்குக்குக் கொஞ்சம் முன்னால் பாங்கி இருக்கிறது. அங்கே மலேசியாவின் ஒரே ஆய்வு அணு உலை 1982 ஜூன் 28 முதல் இயங்குகிறது. அதை நடத்துகிற நிறுவனமே கோபால்ட்-60 கதிரைப் பாய்ச்சி, கந்தகம் சேர்க்காமல் ரப்பர் பாலைப் பதப்படுத்தும் முறையையும் வளர்த்தெடுத்தது. அந்தக் கோபால்ட்டைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 5.27 ஆண்டில் சரிபாதி அணுக்கள் சிதைந்துவிடும், பந்தயம் கட்டலாம். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற, எந்த வேறுபாடும் இல்லாத இரண்டு அணுக்களில் ஒன்று இன்றைக்குச் சிதைகிறது, மற்றது முப்பது ஆண்டு கழித்துச் சிதைகிறது. ஏன் இது, ஏன் அது இல்லை? வழக்கமான குவாண்டம் கணக்கு இதற்குக் காரணம் எதுவும் தருவதில்லை. ஒளித்து வைத்திருக்கிறது என்றுகூடச் சொல்வதில்லை. காரணம் என்று ஒன்று இல்லை என்கிறது.

காரணமில்லாமல் காரியமில்லை என்பது நம் பக்கத்துத் தத்துவங்களில் பலவற்றுக்கும் அடித்தளம். முன்வினை இல்லாமல் பின்விளைவு வராது. அப்படியிருக்க, அடியாழத்தில் காரணமற்ற நிகழ்வை வைத்திருக்கிற ஓர் இயற்பியலை எப்படி 'நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்' கணக்கில் சேர்ப்பது? சேர்க்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. டேவிட் போம் 1952-இல் காட்டிய வழியில் போனால் துகள்களுக்கு மறைவான, தீர்மானமான பாதைகள் உண்டு. காரணம் திரும்பி வந்துவிடும். ஆனால் அதற்கு விலை உண்டு: எங்கோ தொலைவில் இருக்கிற பொருளின் நிலை இங்கிருக்கிற துகளை அந்த நொடியிலேயே பாதிக்கும் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். போம் நம் ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசியவர். பேச்சைப் பேச்சாகவும் சமன்பாட்டைச் சமன்பாடாகவும் வைத்திருந்தார். நீங்கள் போமின் பெயரையும் கிருஷ்ணமூர்த்தியின் பெயரையும் சேர்த்து ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுங்கள்.

அடுத்த படம் எது என்று உங்களுக்கே தெரியும். செர்ன் துகள் ஆய்வகத்தில் நிற்கும் நடராசர். இது இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. 'கடவுள் துகளைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகள் முதலில் நம் ஈசனைத்தான் வணங்கினார்கள்.' சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுக்க வேண்டும். ஜெனீவாவில் அந்த 2 மீட்டர் சிலை 2004 ஜூன் 18 அன்று திறக்கப்பட்டது உண்மை. அது இந்திய அரசு கொடுத்த பரிசு. இந்திய விஞ்ஞானிகளும் செர்னும் நெடுங்காலம் சேர்ந்து வேலை செய்ததன் நினைவாக வந்தது. 'கடவுள் துகள்' எனப்படும் ஹிக்ஸ் துகளின் அறிவிப்பு 2012 ஜூலை 4 அன்றுதான். சிலைக்கும் துகளுக்கும் நடுவில் எட்டு ஆண்டு இருக்கிறது, ஆயிரக்கணக்கான ஆட்களின் உழைப்பு இருக்கிறது, பூசை இல்லை. 2016-இல் யாரோ சில குறும்பர்கள் அந்தச் சிலைக்கு முன்னால் நரபலி போல நடித்துப் படம் பிடித்து, நிர்வாகம் விசாரணை வைக்கிற அளவுக்குப் போனது. அதையும் சபையில் சொல்லித் தொலைக்காதீர்கள். ஃபிரிட்ஜாஃப் காப்ரா 1975-இல் எழுதிய புத்தகம்தான் நடராசரையும் துகள் இயற்பியலையும் உலகெங்கும் ஒன்றாகக் கட்டிவிட்டது. சிலையை வார்த்த மரபு சோழநாட்டுக் கம்மியருடையது. அவர்களுடைய பெருமைக்குத் துகள்களின் சாட்சி தேவையே இல்லை என்பது என் கட்சி. ஆனால் உங்களுக்குத் தேவை.

இப்போது காலம். 'காலம் ஒரு மாயை' என்ற வாக்கியத்தை உலகத்தில் வேறு எங்கும் துணிந்து சொல்லலாம். ராசாவில் சொன்னால், ஆமாம் தம்பி, நாங்களே பார்த்திருக்கிறோம் என்பார்கள். பார்த்திருக்கிறார்கள். 1901-க்கு முன் கோலாலம்பூர்க் கடிகாரத்துக்கும் சிங்கப்பூர்க் கடிகாரத்துக்கும் எட்டு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம். பிறகு சிங்கப்பூர் நேரமே எல்லாருக்கும் நேரம் ஆனது. 1905 ஜூன் 1 அன்று கிரீன்விச்சுக்கு ஏழு மணி முன்னால் என்று திருத்தினார்கள். அதே மாதம் 30-ஆம் தேதி, பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரின் கட்டுரை ஜெர்மன் இதழொன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லாருக்கும் பொதுவான 'இப்போது' என்று ஒன்று கிடையாது என்றது அது. மலாயாவில் அதை யாரும் வாசிக்கவில்லை; இங்கே நேரத்தை நகர்த்துகிற வேலை தொடர்ந்தது. 1933-இல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941-இல் இன்னும் 10. 1942 பிப்ரவரியில் ஜப்பான்காரன் வந்ததும் தோக்கியோ நேரம்: ஒரே தாவலில் ஒன்றரை மணி. சூரியன் எட்டு மணிக்கு மேல் உதித்தது. அந்தக் காலத்துத் தோட்டத்து ஆட்களுக்குக் கடிகாரத்தைவிடப் பயப்படவேண்டியவை இருந்தன. சயாம் மரண ரயில்பாதை வேலைக்கு லாரியில் ஆள் ஏற்றியபோது யாரும் மணி பார்க்கவில்லை. 1945-இல் நேரம் பழையபடி திரும்பியது; லாரியில் போனவர்களில் பலர் திரும்பவில்லை.

கடைசித் திருத்தம் 1981 டிசம்பர் 31 இரவு. மணி 11.30 ஆனதும் 12 என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தீபகற்பமும் சபா, சரவாக்கும் ஒரே நேரத்துக்கு வரவேண்டும் என்பது காரணம். அந்த அரை மணி நேரத்தில் ராசாவில் யாரும் பிறக்கவில்லை, இறக்கவில்லை, கடன் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து இங்கே சூரியன் உச்சிக்கு வருவது, சராசரியாக, பிற்பகல் 1.12-க்கு. தமிழ்நாட்டு நாட்காட்டியைப் பார்த்து ஞாயிறு 4.30-க்கு ராகு காலம் என்று கதவைச் சாத்துகிறவர்கள் ஒரு மணிக்கு மேல் முன்னதாகவே சாத்துகிறார்கள். பால்மரம் மட்டும் எந்த அரசிதழையும் வாசிப்பதில்லை. இலை நீரை இழக்காத இரவு முடிகிற நேரத்தில்தான் பட்டைக்குள் பாலின் அழுத்தம் நிறைந்து நிற்கும். அதனால் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, எத்தனை மணி என்று தொரை மாற்றி மாற்றி எழுதினாலும், வெட்டுக்காரர்கள் கத்தியோடு நிரையில் நுழைந்தது என்னவோ அதே இருட்டில்தான்.

இங்கேதான் பேச்சாளர் வழுக்கிவிடவேண்டும், நீங்களும் வழுக்குங்கள். 'பார்த்தீர்களா, காலம் என்பது நாம் வைத்துக்கொள்வதுதான், இதைத்தான் ஐன்ஸ்டைன் சொன்னார்.' ஐன்ஸ்டைன் சொன்னது இதற்கு நேர் எதிர். அரசாங்கம் அரை மணியை விழுங்கியபோது யாருடைய தலையிலும் ஒரு முடி குறைவாக நரைக்கவில்லை. பெயர்ப்பலகை மாறியது, அவ்வளவுதான். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் அப்படி இல்லை. வேகத்தால் அது நாளுக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்குகிறது; ஈர்ப்பு குறைவதால் 45 மைக்ரோ விநாடி முந்துகிறது. மிச்சம் 38. யார் ஆணையிட்டாலும் மாறாது, ஏனென்றால் அங்கே உண்மையிலேயே அவ்வளவு நேரம் கூடுதலாகக் கடந்திருக்கிறது. இந்த 38-ஐத் திருத்தாமல் விட்டால் பிழை நாளுக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் சேரும். உங்கள் பேச்சைக் கேட்க வேஸ் செயலியில் வழி பார்த்து வருகிறவரை மூன்றாம் நாள் போர்ட்டிக்சன் கடலில் இறக்கிவிடலாம். நேரத்தை ஆணையால் நகர்த்துவதும் நேரமே வேறு வேறாக ஓடுவதும் இரண்டு தனித்தனிச் சங்கதிகள். இரண்டையும் அனுபவத்தில் பிரித்துப் பார்க்கக்கூடியவர்கள் என்று உலகத்தில் யாராவது இருந்தால் அது ராசாக்காரர்கள்தான். ஆகவே இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவது நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. ஒன்றை மட்டும் மண்டபத்துக்குள் விடாதீர்கள்: ரப்பர் வளையம். நுழைவாயிலில் ஓர் ஆளை நிறுத்தி, நாசி லெமாக் பொட்டலத்தில் சுற்றியதுகூட உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் சொல்கிறேன். தடித்த ரப்பர் வளையம் ஒன்றைச் சட்டென்று நன்றாக இழுத்து உடனே உதட்டில் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். இழுத்த நிலையிலேயே கொஞ்ச நேரம் பிடித்திருந்து, பிறகு தளரவிட்டு உதட்டில் வைத்தால் சில்லென்று இருக்கும். இன்னொன்று: வளையத்தில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் பூட்டு கீழே இறங்காது, மேலே ஏறும். இரும்புக் கம்பி சூட்டில் நீளும், இழுத்து நிற்கும் ரப்பர் சூட்டில் சுருங்கும். இந்த உதட்டுச் சோதனையை 1805-இல் எழுதி வைத்தவர் ஜான் கஃப், கெண்டல் ஊர்க்காரர். சிறுவயதில் அம்மையால் கண் பார்வை போனவர். 1859-இல் இயற்பியலாளர் ஜூல் அதைக் கருவி வைத்து அளந்து உறுதிப்படுத்தினார். ஏன் என்று தெரிய இன்னும் எழுபது எண்பது ஆண்டு ஆனது.

ரப்பர் என்பது ஆயிரக்கணக்கான கண்ணிகள் கொண்ட நீண்ட மூலக்கூறுச் சங்கிலி. இழுத்த வளையம் ஏன் திரும்பி வருகிறது என்று கேட்டால், உள்ளே ஏதோ வில் இருக்கிறது, அணுக்கள் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன என்றுதான் நாம் நினைப்போம். பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லை. கண்ணிகள் வெப்பத்தில் சும்மா துள்ளிக்கொண்டிருக்கின்றன. ஒரு கோட்டின்மேல் இடமோ வலமோ மட்டும் திரும்பக்கூடிய 100 கண்ணிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் வலப்பக்கம் நீண்டு நிற்க ஒரே ஒரு வழி. பாதி இடம், பாதி வலம் என்று மடங்கிக் கிடக்க, 1-க்குப் பின்னால் 29 சைபர் போட்டால் எவ்வளவோ அவ்வளவு வழி. துள்ளுகிற சங்கிலி எங்கே போய் நிற்கும்? யாரும் அதைச் சுருங்கச் சொல்லவில்லை. சுருங்க வேண்டும் என்ற ஆசை ஒரு கண்ணிக்கும் இல்லை. எண்ணிக்கைதான் கையை இழுக்கிறது. சூடு ஏற்றினால் துள்ளல் கூடும், இழுப்பும் கூடும். பூட்டு மேலே போகும்.

இப்போது தத்துவம் எங்கே என்று பாருங்கள். மூலக்கூறுகளின் விதிகளில் முன்னும் இல்லை பின்னும் இல்லை. இரண்டு மூலக்கூறு மோதுவதைப் படம் பிடித்துத் தலைகீழாக ஓட்டினாலும் அது இயற்கையாகத்தான் இருக்கும். ஆனால் மங்கில் கிடக்கிற பால் மரத்துக்குள் திரும்பி ஏறுவதில்லை, கிழவர் குழந்தையாவதில்லை. அந்த ஒருவழிப் பயணத்துக்கு இயற்பியலாளர் போல்ட்ஸ்மன் சொன்ன காரணம் இதே எண்ணிக்கைதான்: கலைந்து கிடக்க வழிகள் மிக அதிகம், ஒழுங்காக இருக்க மிகக் குறைவு. அந்த எண்ணிக்கையை அளக்கும் சொல்தான் என்ட்ரோபி. அப்படியானால் காலத்துக்குத் திசை என்பது உலகத்தின் அடிப்படையில் இல்லையா, வெறும் கூட்டல் கணக்கில்தான் இருக்கிறதா? சரி, கலைவது இயல்பு என்றால், ஆரம்பத்தில் பிரபஞ்சம் அத்தனை அபூர்வமான ஒழுங்கில் எப்படி இருந்தது? இதற்குப் பதில் இன்றுவரை யாரிடமும் இல்லை. 'எல்லாமே அதிர்வு' என்பதைவிட எத்தனையோ மடங்கு பெரிய கேள்வி, பத்துக் காசு வளையத்தில் இருக்கிறது.

இதில் உங்களுக்குச் சங்கடம் என்னவென்றால், இந்தக் கேள்வி ராசாக்காரர்களுக்குச் சொந்தம். இங்கிலாந்தில் 1938-இல் ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. மலாயா ரப்பர் ஏற்றுமதியின்மேல் விதித்த வரி அதற்குப் போனது. ட்ரெலோர் என்கிற இயற்பியலாளர் அங்கே உட்கார்ந்து, ரப்பரை எந்தெந்த விதமாக இழுத்தால் எவ்வளவு விசை என்று அளந்து 1944-இல் வெளியிட்ட அட்டவணைகளை இன்றைக்கும் புதிய கோட்பாட்டுக்காரர்கள் எடுத்து வைத்துச் சரிபார்க்கிறார்கள். 1949-இல் அவர் எழுதிய ரப்பர் இயற்பியல் நூல் அந்தத் துறைக்கே பாடநூல். லிங்கி, ரந்தாவ், சிலியாவ் பக்கத்து நிரைகளில் விடியும் முன் கோடு இழுத்து, காண்டாவில் பால் சுமந்து, ஒட்டுப்பாலைக்கூட வழித்துச் சாக்கில் கட்டியவர்களின் உழைப்பில் பிடித்த வரி. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவர்கள்தான் அவர்களில் படித்தவர்கள். என்ட்ரோபியைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் கட்டியிருக்கிறோம் என்று அவர்களில் ஒருவரிடமும் யாரும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள், சொன்னால், அப்படியென்றால் இத்தனை நேரம் எதைப் பற்றி தம்பி பேசிக்கொண்டிருந்தாய் என்பார்கள்.

கேள்வி நேரம் வைக்கலாமா என்று ஏற்பாட்டாளர்கள் கேட்பார்கள். தவிர்க்கப் பாருங்கள். முடியாவிட்டால், படிவம் ஆறு மாணவி யாராவது 'ஐயா, அந்த மாறிலியோட மதிப்பு என்ன?' என்று கேட்பாள். 'தங்கச்சி, மதிப்பைக் கடந்ததுதான் ஞானம்' என்று சொன்னால் அவள் உட்கார்ந்துவிடுவாள்; உங்களை இனி நம்பமாட்டாள், ஆனால் மரியாதைக்காகக் கைதட்டுவாள். அவளைச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாத பாட்டி ஒருவர் இரண்டாம் வரிசையில், நெற்றி நிறைய திருநீற்றோடு, முப்பது ஆண்டு பால்வெட்டிய கையோடு உட்கார்ந்திருப்பார். வாயிற்காவலையும் மீறி எப்படியோ ஒரு வளையம் அவர் விரலில் இருக்கும். உங்கள் பேச்சு நீள நீள அதை இழுத்தும் விட்டும் விளையாடிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருக்கிற பேரப்பிள்ளை அதை உதட்டில் வைத்துப் பார்க்கும். பிறகு அவர் கையைத் தூக்குவார்.

'தம்பி, நீங்க படிச்சவங்க. இத இழுத்தா சூடா இருக்கு, விட்டா சில்லுனு இருக்கு. அது ஏன் தம்பி?'

மூன்று வழிகள் உண்டு. 'பாட்டி, அதுவும் சிவசக்திதான்' என்று சொல்லலாம். அவர் தலையாட்டிவிட்டு, 'அது தெரியும் தம்பி, நான் ரப்பரக் கேட்டேன்' என்பார். ஒலிவாங்கி பழுது என்று சைகை காட்டலாம். அவருக்கு ஒலிவாங்கி தேவைப்படாது, நிரை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டுப் பழகிய குரல். மூன்றாவது, மேடையிலிருந்து இறங்கி அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, 100 கண்ணியிலிருந்து தொடங்குவது. அதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், டத்தோவின் பேச்சு தள்ளிப்போகும், அடுத்த ஆண்டு உங்களைக் கூப்பிடமாட்டார்கள். எதற்கும் சன்மான உறையைப் பேச்சுக்கு முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.